பார்த்தது ஒரு பக்கம், நினைத்தது ஒரு பக்கம்

போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி முகாமுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கிராமங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரும் இளம் பணியாளர்கள் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோருக்கு மனம் பதறாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று அன்றைய பாடம். அதற்கு மைண்ட்ஃபுல்னஸ் என்று பெயர் சொன்னார்கள். செல்போனில் ஒரு மணி ஒலிக்கும், கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். நானும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. டீ குடிக்கும் நேரத்தில் ஒரு பெண் வந்து, "சார், உங்க காலத்துல பேரன்ட்ஸுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள். நான் ஆரம்பிப்பதற்குள் உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள். அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழுநோய்க் கணக்கெடுப்பில் வேலைக்குச் சேர்ந்தவன். எஸ்.எஸ்.எல்.சி., சில மாதப் பயிற்சி, ஒரு சைக்கிள், ஒரு தோள்பை. வத்தலக்குண்டிலிருந்து மேலே மலை ஊர்கள் வரை வீடு வீடாகப் போய் உடம்பில் தேமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஆளைக் கண்ணை மூடச் சொல்லி, உணர்ச்சி இருக்கிறதா என்று அறியக் கோழி இறகால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வோம். ஏழு வருஷம் அந்த வேலை. எழுபதுகளின் நடுவில் கொடைக்கானலில் மிஷன்காரர்கள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். மலைப் பாதை தெரிந்த, நடக்கச் சலிக்காத ஆள் வேண்டுமென்று என்னை எடுத்துக்கொண்டார்கள். பிரிவு என்றால் ஒரு அறை, ஜீப்பில் பாதி, ஒரு டாக்டர். ஜீப்பின் மீதிப் பாதி காசநோய்க்காரர்களுடையது.

டாக்டர் எஸ்தர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். அப்போது ஐம்பதை நெருங்கியிருந்தார். குள்ளமான உருவம். முழங்கையில் ஒட்டுப் போட்ட பழுப்பு ஸ்வெட்டர், ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். டிரைவரிலிருந்து வார்டு பெருக்குகிறவர் வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். ஜீப்பில் ஏறினால் இறங்கும்வரை பேச மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும்; மேஜையில் கிடக்கும் பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்க ஆரம்பிப்பார். மூன்றாவது பென்சிலுக்கு மேல் போனால் நாங்கள் பயப்பட வேண்டும்.

அவர் எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த விசிட் கார்டின் நடுவில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நினைத்தது'. முதல் மாதம் நான் பள்ளங்கி கிராமத்தில் ஒரு பையனைப் பற்றி இடது பக்கத்தில் 'பிடிவாதக்காரன்' என்று எழுதிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, பிடிவாதத்தை எந்த இடத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டார். சோற்றுத் தட்டைத் தள்ளினான் என்றேன். எத்தனை தடவை என்றார். மூன்று தடவை. தட்டில் என்ன இருந்தது? யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. "அப்ப நாளைக்கு மறுபடி போகணும்" என்றார். போனேன். சோற்றின் மேல் குழம்பு ஊற்றியிருந்தால் தள்ளினான். தனியாக வைத்தால் சாப்பிட்டான். அவ்வளவுதான் அந்தப் பிடிவாதம்.

கார்டைக் கார்பன் தாள் வைத்து எழுத வேண்டும். ஒரு பிரதி ஆஸ்பத்திரிக்கு, ஒரு பிரதி அந்த வீட்டுக்கு. தன் பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தாய் தகப்பனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கொள்கை. வீட்டுக்குள் நுழைவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். வாசலில் நிற்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் படுவது தெரிகிற வரை நின்று, மூன்று மூச்சு விட்டுவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு நிற்கும்போது அது எனக்குப் பெரிய சோதனை. ஆனால் ஏற்றம் ஏறி வந்த எரிச்சலை அந்த மூன்று மூச்சு குறைத்துவிடும் என்பது உண்மை.

பெற்றோர் கூட்டம் வியாழக்கிழமைகளில், பெருமாள்மலையில், காப்பிக் கொட்டை மூட்டைகள் அடுக்கும், அப்போது காலியாகக் கிடந்த ஒரு காப்பி ஸ்டோரில் நடக்கும். வடகவுஞ்சியிலிருந்து வருபவர்களுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் அது நடுவாந்திரமான இடம். சாக்குகளை விரித்து வட்டமாக உட்காருவார்கள். முதலில் எல்லோருக்கும் கொதிக்கக் கொதிக்கக் கடுங்காப்பி. இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் சாயத்தண்ணி கேட்பார்கள் என்று அவர்களுக்குப் பாலில்லாத தேத்தண்ணீர். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடித்து முடிக்கிற வரை யாரும் பேசக் கூடாது. கையில் சூடு தெரிகிறதா, தொண்டையில் இறங்குவது தெரிகிறதா, அதை மட்டும் கவனியுங்கள் என்பார் டாக்டரம்மா. இது வைத்தியமா என்று முதலில் எல்லோருக்கும் சந்தேகம். மலைக் குளிரில் சூடான டம்ளரை வேண்டாம் என்று சொல்ல முடியாததால் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தன் பிள்ளையிடம் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கும் கணக்கு இருந்தது. அடுப்பில் உலை வைத்தால் அது கொதிக்கிற வரை பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அதட்டக் கூடாது, திருத்தக் கூடாது, சும்மா பார்க்க வேண்டும். நடுவில் மாமியார் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி சிரித்தது, நாளைக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் மனசில் வரும். வந்தால், 'நினைப்பு' என்று உள்ளுக்குள் ஒரு தடவை சொல்லிவிட்டு மறுபடி பிள்ளையைப் பார்க்க வேண்டும். ராமக்கா என்று பள்ளங்கியில் வெள்ளைப்பூண்டு போடும் ஒரு அம்மாள், "நினைப்பு நினைப்புன்னே உலை கொதிச்சுப்போச்சு டாக்டரம்மா, பிள்ளையப் பாக்கவே நேரமில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். அதையே அடுத்த வாரமும் வந்து சொல்லுங்கள் என்றார்.

இதனால் எந்தப் பிள்ளையும் குணமாகிவிடவில்லை. குணமாகும் என்று டாக்டரம்மா ஒருநாளும் சொன்னதில்லை. மதராஸில் ஒரு நிபுணருக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் ஆட்டிசம் என்ற சொல்லை எழுதுவார். கூட்டத்தில் சொன்னதில்லை. அடி குறைந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் மேல் விழுந்த அடியும், தாய்மார் தங்கள் தலையில் அடித்துக்கொண்ட அடியும்.

இனி, நான் செய்த தப்பிலிருந்து தொடங்கிய ஒரு விஷயம்.

பெருமாள்மலைக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், காளிமுத்து, தங்கம் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கப்பலேறி வந்து, முகாமில் சில மாதம் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்தவர்கள். ஒரே மகள் பாக்கியத்துக்கு ஏழு வயது. பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் போன அன்று மூடுபனி. வரிசையில் கடைசி அறை; அவர்கள் அதைக் காம்பரா என்பார்கள். கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் ஆளில்லை, எல்லோரும் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே அந்தப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. கணுக்காலில் சேலைத் துணி கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அங்கேயே நின்று கார்டை எடுத்து, இடது பக்கத்தில், 'தாய் அலட்சியம். பிள்ளையை மிருகத்தைப்போல் கட்டிப்போட்டிருக்கிறாள்' என்று எழுதி, ஒரு பிரதியைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன். பாதத்தையும் கவனிக்கவில்லை, மூச்சையும் கவனிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் டாக்டரம்மா அந்தக் கார்டை வாசித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். பென்சிலைத் தொடவில்லை. கட்டியிருந்ததைப் பார்த்தீர்கள், சரி, அலட்சியத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். உட்காரச் சொன்னார்.

"ராஜாமணி, நான் ஹவுஸ் சர்ஜனா இருக்கும்போது ஒரு தாயை அடிச்சிருக்கேன். பிள்ளைக்குச் சூடு போட்டுத் தூக்கிட்டு வந்தாங்க. கையில பட்டுன்னு ஒண்ணு வச்சேன். அந்த அம்மா ஒண்ணும் சொல்லல. பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, அப்புறம் வரவே இல்ல. பிள்ளை என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல இருப்பாங்க. போய்ப் பார்த்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். தங்கம் வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை. ஒல்லியான, நெடுநெடுவென்ற பெண். உள்ளேயிருந்து காளிமுத்து என் கார்டோடு வந்தார்.

"படிச்சுக் காட்டினேன் சார் அவளுக்கு" என்றார். "தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சு வரைக்கும் படிச்சவன் நான்."

சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை. நான் பார்க்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும், இப்போது பார்க்கலாமா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கம் ஒதுங்கி வழிவிட்டார்.

அந்தத் துணி பழைய நூல் சேலையில் கிழித்தது. கணுக்காலில் படும் இடத்தில் இன்னொரு துணியை மடித்து உள்ளே வைத்துத் தைத்திருந்தது. தோலில் தடம் இல்லை. நீளத்தை அளந்தேன். தண்ணீர்க் குடத்துக்கு எட்டும், பாய்க்கு எட்டும், கொல்லைக் கதவுப் பக்கம் ஒன்றுக்கு இருக்க வைத்த சட்டிக்கு எட்டும். அடுப்புக்கு எட்டாது. அளவெடுத்துக் கட்டிய கட்டு அது.

"ரெண்டு தரம் ரோட்டுக்குப் போயிட்டா" என்றார் தங்கம். "லாரிக்காரன் பிரேக் போட்டதால பொழைச்சா. நான் வேலைக்குப் போகாட்டி அன்னைக்குப் பேர் இல்ல, கூலி இல்ல. கட்டாம என்ன சார் செய்ய?"

அவர்களுடைய பிரதியிலேயே என் வரியை அடித்துவிட்டு, மேலே நான் அளந்ததை எழுதினேன். காளிமுத்து அதை வாங்கி மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, மடித்துப் பெட்டியில் வைத்தார். அடுத்த வியாழக்கிழமை தங்கம் காப்பி ஸ்டோருக்கு வந்தார். காளிமுத்து வரவில்லை. பொம்பளைகள் கூடிப் பேசுகிற இடம் என்று சொல்லிவிட்டாராம்.

தங்கத்துக்கு முதலில் அந்தப் பார்க்கிற வேலை வரவே இல்லை. மூன்று வாரம் ஒன்றும் சொல்லாமல் போனார். நான்காவது வாரம், பிள்ளையைப் பார்த்து உட்கார்ந்தால் ஒரே ஒரு கேள்விதான் வருகிறது, நாங்கள் இரண்டு பேரும் போனபிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்று, அதற்கு டாக்டரம்மா பதில் சொல்ல வேண்டும் என்றார். வட்டத்தில் இருந்த எல்லோரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அதே கேள்விதான்.

"எனக்குப் பதில் தெரியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "பொய்யான நினைப்புன்னு சொல்ல மாட்டேன். வந்தா வரட்டும். நினைப்புன்னு பேர் சொல்லி அதைப் பக்கத்துல உட்கார வச்சுட்டு, நீங்க பாக்கியத்தைப் பாருங்க."

ஐந்தாறு மாதம் கழித்துத் தங்கம் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினார். நெளிந்த ஒரு ஈயச் சட்டியில்தான் பாக்கியம் தண்ணீர் குடிக்கிறாள். அதிலும் சட்டியைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, விளிம்பில் நெளிவு இருக்கும் இடம் கீழுதட்டில் படும்படி வைத்துக்கொண்டுதான் குடிக்கிறாள். வேறு பாத்திரத்தில் கொடுத்தால் கீழே ஊற்றிவிடுகிறாள். இத்தனை நாளும் திமிர் என்று நினைத்து முதுகில் அடித்திருக்கிறேன் என்றார். அழவில்லை. அடுத்தவர் பேசுவதற்காகத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டு உடனே அவிழவில்லை. முதலில் நீளமானது, பிறகு தங்கம் வீட்டிலிருக்கும் நேரங்களில் அவிழ்ந்தது.

அடுத்த வருஷம் தங்கம் மறுபடி கர்ப்பமானார். எட்டாம் மாதம். இரண்டு பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. சமவெளியில் ஒரு கோயில். பெயர் வேண்டாம். இந்த மாதிரிப் பிள்ளைகளையும் புத்தி பேதலித்தவர்களையும் கொண்டுபோய் விட்டால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று லயத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேண்டுதல் ஒன்று இருக்கிறது, மூன்று நாள் தங்கிவிட்டு வருகிறோம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, காளிமுத்து ஒரு வெள்ளிக்கிழமை பாக்கியத்தோடு பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தார். நல்ல இடம், சோறு போடுகிறார்கள், பெண்கள் இருக்கிறார்கள், அவள் அங்கேயே இருக்கட்டும் என்றாராம்.

திங்கட்கிழமை வெள்ளனே ஆஸ்பத்திரி திறக்கும்போது தங்கம் படியில் உட்கார்ந்திருந்தார். பெருமாள்மலையிலிருந்து அந்த வயிற்றோடு நடந்தே வந்திருக்கிறார். மடியில் அந்த ஈயச் சட்டி இருந்தது.

"இது இங்க கெடக்கு சார்" என்றார். "அவ அங்க எதுல தண்ணி குடிப்பா?"

டாக்டரம்மா கேட்க, நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னார். புருஷனைத் திட்டவில்லை, என்ன செய்யலாம் என்றும் கேட்கவில்லை. டாக்டரம்மா சட்டியைக் கையில் வாங்கி அந்த நெளிவை விரலால் தடவிப் பார்த்தார். காசநோய்ப் பிரிவிடம் கேட்டு ஜீப்பை முழுதாக வாங்கினார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை இரண்டு பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தார். தங்கத்தை ஆஸ்பத்திரியிலேயே கட்டிலில் படுக்கவைத்தார். தகப்பன் வராமல் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வழியில் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்.

காளிமுத்து மறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினார். மலை இறங்கி வத்தலக்குண்டு தாண்டி, வெயில் ஏற ஏற, நாங்கள் இரண்டு பேரும் பின்சீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. கட்டிப்போட்டதற்கே கொதித்தவன் நான். ஜீப்பின் தரையில் என் பாதம் படுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் அன்றைக்கு அவரிடம் ஏதாவது சொல்லி, அவரை நிரந்தரமாக இழந்திருப்போம்.

சாயங்காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஆட்கள் வரிசையாகப் படுத்துக்கிடந்தார்கள். பாக்கியம் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து, கண் குழிந்துபோயிருந்தது. சமையல்கட்டில் வேலை செய்த ஒரு அம்மாள், எதில் கொடுத்தாலும் தட்டிவிடுகிறது, குழாயில் கையை நனைத்து நனைத்து நக்குகிறது, நான் என்ன செய்வேன் என்று எங்களிடம் வருத்தப்பட்டார். அந்த அம்மாளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நான் சட்டியைப் பையிலிருந்து எடுத்து, பாட்டில் தண்ணீரை ஊற்றி, பாக்கியத்துக்கு முன்னால் தரையில் வைத்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. சட்டியை எடுத்தாள். இரண்டு சுற்றுத் திருப்பினாள். நெளிவு உதட்டில் பட்டதும் நிறுத்திக் குடித்தாள். மூன்று தடவை ஊற்றினேன். நிமிர்ந்தபோது காளிமுத்து கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாக்கியம் வீட்டுக்கு வந்தாள். அடுத்த மாதம் தம்பி பிறந்தான். ஆனால் காளிமுத்து அதன்பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். வேலை முடிந்தால் லயத்துக்கு வராமல் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பார். மகள் இருக்கும் பக்கம் பார்ப்பதில்லை என்று தங்கம் சொன்னார். டாக்டரம்மா அவரைக் கவனிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். அவரிடம் எதையும் கேட்க வேண்டாம், பக்கத்தில் இருங்கள் என்றார். என் பதினைந்து வருஷ வேலையில் இதைவிடக் கஷ்டமான உத்தரவு எனக்கு வந்ததில்லை.

சனிக்கிழமைகளில் அவர் கவாத்து வெட்டும் இடத்துக்குப் போவேன். காப்பிச் செடியில் வேண்டாத கிளைகளை அவர் வெட்டிப் போட, நான் பொறுக்கிக் குவிப்பேன். முதல் நாள் ஏன் சார் என்று கேட்டார். எனக்கும் சனிக்கிழமை சோலி ஒன்றும் இல்லை என்றேன். பிறகு கேட்கவில்லை. மூன்று மாதம் இப்படிப் போனது. வேலையைப் பற்றி, மழையைப் பற்றி, அங்கே தேயிலை மலையில் தகப்பனார் கங்காணியிடம் பட்ட பாட்டைப் பற்றிப் பேசுவார். ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அவ அழுதிருந்தா தூக்கிட்டு வந்திருப்பேன் சார்."

நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"கூட்டிட்டுப் போய் நிறுத்தினேன். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா. திரும்பிக்கூடப் பாக்கல. மதிலுக்குப் பின்னால பொழுது சாயுற வரைக்கும் நின்னு பாத்தேன். என்னையத் தேடுவான்னு. தேடல. அப்பன்னு ஒருத்தன் இருக்கிறதே அவளுக்குத் தெரியலயேன்னு வந்துட்டேன்."

அவளுக்குத் தெரியும், பாசம் இருக்கும், காட்டத் தெரியாது என்றெல்லாம் ஆறுதல் என் நாக்கு நுனிவரை வந்தது. அதில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. எல்லாம் நினைத்தவை. அதனால் சொல்லவில்லை. தங்கம் உலை வைத்திருக்கும்போது ஒரு வாரம் பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்களா, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மட்டும் கேட்டேன். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு செடிப் பக்கம் போனார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாக்கியம் கடைசிவரை பேசவில்லை. பன்னிரண்டு வயதில் காப்பிக் கொட்டையில் கறுத்ததையும் உடைந்ததையும் தனியாகப் பொறுக்கிவைக்கப் பழகினாள். அந்தத் தோட்டத்தில் அவளளவு சுத்தமாகப் பிரிக்க ஆளில்லை என்று கணக்கப்பிள்ளை சொல்வார். டாக்டரம்மா எண்பதுகளின் நடுவில் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அவர் போனபிறகும் வியாழக்கிழமைக் கூட்டம் நின்றுவிடவில்லை. தங்கமும் ராமக்காவும் நடத்தினார்கள். நான் வேறு வேலைக்கு மாற்றலாகிக் கீழே வந்துவிட்டேன். எல்லோரும் நன்றாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த வட்டத்தில் உட்கார்ந்த ஒரு தாய் பிள்ளையோடு எங்கே போனார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவருடைய கார்டில் பார்த்தது என்ற பக்கத்தில் நான் எழுதியது மொத்தம் நாலே வரி.

சனிக்கிழமை நான் கேட்டேனே, அதற்கு அடுத்த வாரம் இல்லை, அதற்கும் அடுத்த வியாழக்கிழமை, கூட்டம் தொடங்கியபிறகு காளிமுத்து ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. தங்கம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாக்கில் இடம் விட்டார். அவருக்கு ஒரு டம்ளர் சாயத்தண்ணி கொடுத்தேன். எல்லோரையும்போல இரண்டு கையாலும் பிடித்துக் குடித்து முடித்தார். ராமக்கா பேசினார். வடகவுஞ்சிக்காரர் ஒருவர் பேசினார். அடுத்தது அவர் முறை. டாக்டரம்மா வற்புறுத்தவில்லை, அவரைத் தாண்டி அடுத்த ஆளைப் பார்த்தார். அப்போது காளிமுத்து தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்ததாகவும் அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை என்றும் சொன்னார். சரி, விட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். இன்னும் ஒரு வாரம் பார்க்கும்படி தங்கம் சொன்னாராம்.

"முந்தாநாள் கவனிச்சேன். நான் சுவரோரமா உக்காந்திருந்தேன். அவ எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அந்தக் கோடியில நின்னா. கொஞ்ச நேரத்துல பாத்தா ஒரு முழம் கிட்ட நிக்கிறா. நடந்த மாதிரியே தெரியல. பின்னாலயே வாறா. ஒவ்வொரு அடியா. கடைசில அவ முதுகு என் முழங்கால்ல வந்து பட்டுச்சு. அப்படியே சாஞ்சு நின்னா. நேத்தும் அப்படித்தான். நான் தள்ளி உக்காந்து பாத்தேன். அங்கயும் வந்தா. அவ அம்மாகிட்ட அப்படிப் போறதில்ல. என்கிட்ட மட்டுந்தான்."

டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த கை அதன் மேலேயே இருந்தது.

"கோயில்லயும் அப்படித்தான் டாக்டரம்மா வந்தா. கூட்டத்துல அவ எம்மேல இடிக்கிறான்னு நெனச்சு நான் தள்ளித் தள்ளிப் போனேன்."

தங்கம் கைப்பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை, மன்னிப்பும் சொல்லவில்லை. அவர் நிமிர்கிற வரை காத்திருந்துவிட்டு, "இப்ப?" என்று மட்டும் கேட்டார்.

"இப்ப நான் நகர்றதில்ல" என்றார் காளிமுத்து.